குழிக்குள் ஒரு கணக்கு: பிரமிடுக்கு முந்தைய எகிப்து

எகிப்து என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது பிரமிடு. அடுத்தது மம்மி. அதற்கும் அடுத்தது துட்டன்காமனின் தங்க முகமூடி. மூன்றுமே அரசர்கள் சமாச்சாரம். ஆனால் கீஸாவின் பெரிய பிரமிடு எழும்புவதற்கு ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நைல் கரையில் ஜனங்கள் இருந்தார்கள். கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள், மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள், செத்தார்கள். அவர்களை ஆள ஒரு பாரோ இல்லை. எழுத்தும் இல்லை. அதனால் அவர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

பெயர் போய்விட்டது, சாமான் மிஞ்சியது. செத்தவர்களோடு அவர்கள் பானை, சீப்பு, மணிமாலை, கண்மை அரைக்கும் கல் என்று என்னென்னவோ சேர்த்துப் புதைத்தார்கள். பாலைவன மணல் அதையெல்லாம் அப்படியே வைத்திருந்து கொடுத்தது. எழுத்து இல்லாத காலத்தின் சரித்திரத்தை இந்தச் சில்லறைச் சாமான்களை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. அப்படி எழுதிப் பார்த்தால் ஒரு பெரிய கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. அரசனே இல்லாத ஊரில் அரசன் எப்படி வந்தான்?

நகாடா, 1894

1894-95 குளிர்காலத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரீ என்ற ஆங்கிலேயர் தெற்கு எகிப்தில் நகாடா என்ற இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். கூடவே ஜேம்ஸ் குவிபெல். அந்த ஒரே பருவத்தில் 2000-க்கும் மேற்பட்ட புதைகுழிகள் வெளியே வந்தன.

இத்தனை குழிகளைத் தோண்டியது பெட்ரீயின் கை இல்லை. எகிப்திய வேலையாட்களின் கைகள். வேலை ஒரு வரிசைப்படி நடந்தது. முதலில் சிறுவர்கள் குழியின் விளிம்பு தெரியும் வரை மணலை அள்ளுவார்கள். பிறகு பெரியவர்கள் இறங்கி ஆழப்படுத்துவார்கள். எலும்பும் பானையும் தெரிய ஆரம்பித்ததும் எல்லோரும் விலகிக்கொள்ள, கடைசியாக அலி சூஃபி என்பவர் இறங்குவார். எதையும் அசைக்காமல் மண்ணை மட்டும் நீக்குவதில் அவர் கைதேர்ந்தவர். கிடைத்த பொருளுக்கு ஏற்ப வேலையாட்களுக்கு பெட்ரீ தனியாக பக்‌ஷீஷ் கொடுத்தார். இல்லாவிட்டால் நல்ல பொருள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக வியாபாரி கைக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவு கவனமாக இருந்தவர் ஒரு பெரிய விஷயத்தில் சறுக்கினார். குழிகளில் கிடைத்த எதுவும் அதுவரை தெரிந்த எகிப்தியப் பொருள் போல இல்லை. ஒரு சித்திர எழுத்து இல்லை, ஒரு மம்மி இல்லை. ஆகவே இவர்கள் எகிப்தியர்களே இல்லை, பழைய அரசு சரிந்த குழப்பக் காலத்தில் வெளியிலிருந்து படையெடுத்து வந்த ஒரு 'புதிய இனம்' என்று முடிவு கட்டினார். இல்லை, இவர்கள் எகிப்தியர்களுக்கு மூதாதைகள், அரச வம்சங்களுக்கு முந்தியவர்கள் என்று பிரெஞ்சுக்காரரான ழாக் தெ மார்கன் 1896-ல் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. பெட்ரீயும் பிறகு ஏற்றுக்கொண்டார். இன்றைய கணக்கில் நகாடாக் காலம் என்பது ஏறத்தாழ கி.மு. 4000 முதல் 3000 வரை. அதற்கும் முந்தியது பதாரி நாகரிகம், சுமார் கி.மு. 4400-ல் தொடங்குவது. அதை 1920-களில் கை பிரண்டனும் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸனும் வெளிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு சாதாரணக் குழி

ஆரம்ப கால நகாடாக் குழி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். பாலைவன ஓரத்தில், விளைநிலத்தை வீணாக்காத இடத்தில், நீள்வட்டமாக ஒரு சின்னப் பள்ளம். ஆழம் அதிகமில்லை. உள்ளே கோரைப்பாய். அதன்மேல் முழங்காலை மடக்கி, கைகளை முகத்தருகே வைத்து, தூங்கும் குழந்தை போல ஒருக்களித்துப் படுத்திருக்கும் உடல். பெரும்பாலும் இடது பக்கமாக, தலை தெற்கே, முகம் மேற்கே. மேலே இன்னொரு பாய் அல்லது ஒரு விலங்குத் தோல். சுற்றிலும் நாலைந்து சாமான்கள்.

சூடான மணல் உடலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோல், முடி, நகம் எல்லாம் காய்ந்து அப்படியே நிற்கும். இதற்கு மருந்தும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். மம்மி செய்யும் கலை பிறப்பதற்கு முன்பே மணல் மம்மி செய்துகொண்டிருந்தது.

இனி அந்த நாலைந்து சாமான்கள்.

முதலில் பானை. பதாரி, நகாடாப் பானைகள் குயவன் சக்கரம் இல்லாமல் கையால் வனைந்தவை. உடம்பு சிவப்பு, வாய் விளிம்பு கறுப்பு, மேலே கூழாங்கல்லால் தேய்த்த பளபளப்பு. சுடும்போது காற்றுப் படாத பகுதி கறுத்துவிடும் என்பதை அந்தக் குயவர்கள் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்கள். சக்கரம் இல்லாமலே சுவர் இத்தனை மெல்லிதாக எப்படி வந்தது என்று இன்றைக்கும் பார்ப்பவர்கள் வியக்கிறார்கள்.

அடுத்தது கண்மைக் கல். பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கிரேவாக் என்று ஒரு கல். அதைப் பலகை போல மெல்லியதாக இழைத்து, மீன், ஆமை, பறவை என்று உருவம் கொடுத்தார்கள். இதன்மேல் மலகைட் என்ற பச்சைத் தாதுவை வைத்து ஒரு கூழாங்கல்லால் அரைத்துக் கண்ணைச் சுற்றித் தீட்டிக்கொள்வார்கள். சின்ன அளவில் ஒரு அம்மி, குழவி மாதிரிதான். அழகுக்கும் ஆச்சு, பாலைவன வெயிலின் கூச்சத்துக்கும் ஆச்சு. ஆண், பெண், குழந்தை எல்லோர் குழியிலும் இது கிடைக்கிறது. பல கற்களில் அரைத்த பச்சைக் கறை இன்னும் போகவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் காலையில் மை அரைத்த கறை அது.

பிறகு சீப்பு. தந்தத்தில், எலும்பில், நீர்யானைப் பல்லில் செய்தது. மேலே ஒரு பறவையோ விலங்கோ உட்கார்ந்திருக்கும். அப்புறம் மணிகள். சூதுபவளம், சோப்புக்கல், தீக்கோழி முட்டை ஓடு, செங்கடல் சிப்பி. குழந்தைகளின் கழுத்திலும் இடுப்பிலும் இவை கிடக்கின்றன.

நகாடாவில் ஒரு குழந்தையின் குழியில் கல்லால் செய்த சின்னச் சின்னக் குச்சிகளும் உருண்டைகளும் ஒரு சின்ன வாசல் போன்ற அமைப்பும் கிடைத்தன. உருண்டையை வாசல் வழியாக உருட்டிவிட்டுக் குச்சிகளைச் சாய்க்கும் விளையாட்டு இது என்று பெட்ரீ கருதினார். அது இப்போது ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது.

பழகிய சட்டை

நாள்தோறும் புழங்கிய பொருள் என்பதற்கு இன்னொரு உதாரணம், கொஞ்சம் பிந்திய காலத்தது. கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் தர்க்கான் என்ற இடம். 1913-ல் பெட்ரீ அங்கே ஒரு கல்லறையில் அழுக்குத் துணி மூட்டை ஒன்றை எடுத்தார். லண்டனுக்குக் கொண்டுவந்த மூட்டையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 64 வருஷம் அப்படியே கிடந்தது. 1977-ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் துணி பராமரிப்பவர்கள் அதைப் பிரித்தபோது உள்ளே ஒரு லினன் சட்டை! வி வடிவக் கழுத்து, கையிலும் தோளிலும் நெருக்கமான மடிப்புகள்.

2015-ல் செய்த கார்பன் சோதனை அதன் வயதை கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடையே என்று சொன்னது. உலகில் மிஞ்சியிருக்கும் நெய்த உடைகளில் இதுவே மிகப் பழையது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சட்டை உட்புறம் வெளியே தெரியும்படி திரும்பிக் கிடந்தது. முழங்கையிலும் அக்குளிலும் போட்டுப் பழகிய சுருக்கங்கள். ஆக, இது சவத்துக்கென்று புதிதாகத் தைத்தது இல்லை. உயிரோடு இருந்த ஒருவர் போட்டுக்கொண்டு, தலை வழியாக உருவிக் கழற்றிய சட்டை.

900 காகிதத் துண்டுகள்

ஆயிரக்கணக்கான குழிகள், தேதி எதிலும் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? கார்பன் சோதனை எல்லாம் கனவில்கூட இல்லாத காலம் அது. இந்த இடத்தில்தான் பெட்ரீ கெட்டிக்காரர்.

பானை வகைகள் நன்றாகக் கிடைத்த 900 குழிகளைத் தேர்ந்தெடுத்தார். குழிக்கு ஒன்றாக நீளமான அட்டைத் துண்டு. அதில் அந்தக் குழியில் இருந்த பானை வகைகளைக் கட்டம் கட்டமாகக் குறித்தார். பிறகு அந்தத் துண்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினார். ஒரே மாதிரிப் பானைகள் உள்ள துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்வரை அடுக்கினார். ஒரு வகைப் பானை புதிதாகத் தலைகாட்டும், பெருகும், குறையும், மறைந்து போகும். அந்த ஏற்ற இறக்கம்தான் காலத்தின் ஓட்டம்.

அடுக்கி முடித்த வரிசையை 50 சம பாகமாகப் பிரித்து, 30 முதல் 80 வரை எண் கொடுத்தார். ஏன் 1-லிருந்து தொடங்கவில்லை? இதைவிடப் பழையது நாளைக்கு யாராவது கண்டுபிடித்தால் அதற்கு இடம் வேண்டுமே! அதேபோல பின்னால் பதாரி வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தது. 1899-ல் பெட்ரீ வெளியிட்ட இந்த முறையை 1963-ல் டேவிட் கெண்டல் என்ற கணிதப் பேராசிரியர் எடுத்துப் புள்ளியியல் கோணத்தில் ஆராய்ந்தார். இன்று கம்ப்யூட்டர் செய்யும் வேலையை ஒரு மனிதர் அட்டையை நகர்த்தி நகர்த்திச் செய்திருக்கிறார்.

வரிசையின் முதுகெலும்பு ஒரே ஒரு பானை வகை. பாலஸ்தீனப் பக்கத்திலிருந்து வந்த ஜாடிகளின் சாயலில், அலை அலையாக வளைந்த கைப்பிடி வைத்தது. முதலில் கை பிடித்துத் தூக்கக்கூடிய நிஜமான கைப்பிடி. பானையின் வயிறு உருண்டை. போகப்போக வயிறு ஒல்லியாகிறது, கைப்பிடி சின்னதாகிறது. கடைசியில் நேரான குழாய் போன்ற ஜாடி. கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் அலைக்கோடு.

பானைக்கு உள்ளே இருந்ததும் இதே கதைதான். ஆரம்பத்தில் ஜாடி நிறைய வாசனைக் கொழுப்பு. அடுத்த கட்டத்தில் கொழுப்பின்மேல் சேறு. கடைசிக் கட்டத்தில் வெறும் சேறு. பொருள் போய் அடையாளம் மட்டும் நின்றது. ஜாடி வைக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். அதற்குள் விலை உயர்ந்த வாசனைக் கொழுப்பை ஏன் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒரு தலைமுறையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

யார் கொடுத்த செலவு?

இந்தக் கணக்கு முக்கியம். புதைத்த பொருள் திரும்பி வராது. ஒரு பானையைக் குழியில் வைத்தால் வீட்டில் ஒரு பானை குறைவு. ஒரு செப்பு ஊசியை வைத்தால் அந்தச் செம்பு அதோடு போயிற்று. செத்தவர் எதையும் வாங்கி வைக்கவில்லை. வைத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள். ஆகவே குழியில் கிடப்பது செத்தவரின் சொத்துப் பட்டியல் என்று சொல்வதைவிட, இருப்பவர்கள் எவ்வளவு இழக்கத் தயாராக இருந்தார்கள் என்பதன் பட்டியல் என்று சொல்லலாம். குழியைச் சுற்றி நின்ற ஊரார் அதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

பதாரிக் குழிகளிலேயே எல்லோரும் சமமில்லை. பலருக்கு ஒன்றிரண்டு சாமான் அல்லது எதுவுமே இல்லை, சிலருக்கு நிறைய. ஆனால் அந்த வித்தியாசம் கைக்கு எட்டும் வித்தியாசம். அடுத்த ஆயிரம் வருஷத்தில் அது எட்டாத வித்தியாசம் ஆகிறது. கி.மு. 3500-ஐ ஒட்டி சில குழிகள் பெரிதாகி, செவ்வகமாகி, பலகையும் பிறகு செங்கல்லும் வைத்துக் கட்டிய அறைகளாகின்றன. நகாடாவிலேயே பொதுச் சுடுகாட்டை விட்டுத் தள்ளி, சில பணக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் புதைமேடு வந்துவிட்டது. அதற்குப் பெட்ரீ வைத்த பெயர் 'டி'.

தூர தேசத்துச் சரக்கு இந்தப் பணக்காரக் குழிகளில் தலைகாட்டுகிறது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து கை மாறிக் கை மாறி வந்த நீலக்கல் லாபிஸ் லாசுலி. கிழக்குப் பாலைவனத் தங்கம். நகாடாவின் பழைய பெயரான நுப்த் என்பதற்கே தங்கம் என்று பொருள். 1911-ல் கெர்ஸே என்ற இடத்தில் ஜெரால்டு வெயின்ரைட் 9 இரும்பு மணிகளை எடுத்தார். சுமார் கி.மு. 3200-ஐச் சேர்ந்தவை. இரும்பை உருக்கத் தெரியாத காலத்தில் இரும்பு எப்படி? வானத்திலிருந்து விழுந்த எரிகல்லைத் தட்டித் தகடாக்கி, சுருட்டிக் குழல் மணியாகச் செய்திருக்கிறார்கள். 2013-ல் வந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன. சூதுபவளம், தங்கம், நீலக்கல்லோடு சேர்த்து அந்த வானத்து இரும்பும் ஒரே மாலையில் கோக்கப்பட்டிருந்தது.

சில குழந்தைகளின் குழிகளும் இப்படிச் செழிப்பாக இருக்கின்றன. வேட்டையாடியோ வியாபாரம் செய்தோ சம்பாதிக்கிற வயது அந்தக் குழந்தைக்கு இல்லை. அப்படியானால் அந்தஸ்து பிறப்பிலேயே வர ஆரம்பித்துவிட்டது என்றுதான் பல ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. பணக்காரக் குழிகளைத் திருடர்கள் பழங்காலத்திலேயே குறிவைத்துத் தோண்டிவிட்டார்கள். ஏழையின் குழியை யாரும் தொடவில்லை. ஆகவே இன்று நமக்குக் கிடைக்கும் பட்டியலில் பணக்காரன் நிஜத்தைவிட ஏழையாகத்தான் தெரிகிறான். உண்மையான இடைவெளி இதைவிடப் பெரியது.

ஒரே ஊர், இரண்டு சுடுகாடு

நகாடாவுக்குத் தெற்கே ஹியராகோன்போலிஸ். அந்த ஊரில் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு பக்கம் உழைப்பாளிகளின் சுடுகாடு. ரெனீ பிரீட்மன் தலைமையில் நடந்த அகழாய்வில் 450-க்கும் மேற்பட்டவர்கள் வெளிப்பட்டார்கள். பாயில் சுற்றிய உடல்கள், சில பானைகள், அவ்வளவுதான். அதிலும் மனதைத் தொடும் ஒரு பெண்மணி இருக்கிறார். நரைத்த முடிக்கு மருதாணிச் சாயம் போட்டு, சவுரி வைத்துக் கட்டியிருந்தார். வேறு சில பெண்களுக்குக் கையையும் தலையையும் பிசினில் நனைத்த லினன் துணியால் சுற்றியிருந்தார்கள். உடலைத் துணி சுற்றிப் பாதுகாக்கும் எண்ணம் அரண்மனையில் பிறக்கவில்லை, இந்தச் சாதாரண ஜனங்களிடமும் அது இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கம், பாலைவன வாய்க்காலின் உள்ளே, பெரிய மனிதர்களின் சுடுகாடு. கல்லறைகளைச் சுற்றி மரத்தூண்கள், வேலிகள். அவற்றைச் சுற்றி மிருகங்களின் குழிகள். யானை, நீர்யானை, சிறுத்தை, பபூன் குரங்கு, காட்டெருது! பபூன்களின் கை கால் எலும்புகள் முறிந்து மறுபடி கூடியிருக்கின்றன. அதாவது பிடிக்கும்போதோ கட்டி வைத்தபோதோ அடிபட்டு, ஆறும்வரை யாரோ தீனி போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு யானையைப் பிடித்து, கொண்டுவந்து, தீனி போட்டு, கடைசியில் புதைக்க எத்தனை பேருடைய உழைப்பு வேண்டும்? நாலைந்து பானை வைத்த குழியிலிருந்து யானை வைத்த குழிக்கு வந்தாயிற்று. இன்னும் பாரோ என்ற பெயர் வரவில்லை, ஆனால் ஆள் வந்துவிட்டார்.

எழுத்தும் குழியிலிருந்துதான்

அடுத்த ஊர் அபிடாஸ். 1988-ல் குந்தர் ட்ரையர் தலைமையில் ஜெர்மன் குழு யு-ஜே என்ற கல்லறையைத் திறந்தது. கிட்டத்தட்ட கி.மு. 3200. வீடு போல 12 அறைகள். நூற்றுக்கணக்கான ஒயின் ஜாடிகள், கிழக்கு மத்தியதரைக் கடற்கரைப் பாணியில். திருடர்கள் போன பிறகும் இவ்வளவு மிச்சம்.

அங்கே 150-க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு தந்த, எலும்புச் சீட்டுகளும் கிடைத்தன. தபால் தலை அளவு. மூலையில் ஒரு ஓட்டை, நூல் கோக்க. சிலவற்றில் எண்கள் மட்டும். சிலவற்றில் பறவை, யானை, செடி, மலை. அவை சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லும் இடப்பெயர்கள் என்பது ட்ரையரின் வாசிப்பு. எகிப்தில் இதுவரை கிடைத்த எழுத்துகளில் மிகப் பழையவை இவைதான். கவிதையோ கடவுள் துதியோ இல்லை. சரக்கு மூட்டையில் கட்டிய சீட்டு!

ஆயிரம் வருஷமாக எழுத்தில்லாமல் குழிக்குள் சாமான் வைத்தவர்கள், வைக்கிற சாமான் எண்ணி மாளாத அளவுக்குப் போனதும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எந்த ஊர் எவ்வளவு கொடுத்தது என்று குறித்து வைக்க ஒருவர், குறிக்கச் சொல்ல ஒருவர். அரசாங்கம் என்றால் அதுதானே?

கண்மைக் கல் மேல் அரசன்

மீன் வடிவத்தில் இருந்த கண்மைக் கல் என்ன ஆயிற்று? காலம் போகப்போக சாதாரண ஜனங்களின் குழிகளில் அது எளிமையான செவ்வகமாகி, பிறகு அரிதாகிறது. ஆனால் பெரிய இடத்தில் அது வளர்கிறது.

1898-ஐ ஒட்டி ஹியராகோன்போலிஸ் கோயில் பகுதியில் குவிபெலும் கிரீனும் ஒரு பெரிய பலகையைக் கண்டெடுத்தார்கள். சுமார் 64 சென்டிமீட்டர் உயரம், இரண்டு பக்கமும் சிற்பம். ஒரு பக்கத்தில் கிரீடம் வைத்த அரசன் கதாயுதத்தை ஓங்கி, மண்டியிட்ட எதிரியின் தலைமுடியைப் பிடித்திருக்கிறான். மேலே அவன் பெயர் நார்மர். கி.மு. 3100 வாக்கில் எகிப்தை ஒன்றாக்கியவன் என்று பலரும் சொல்கிற அரசன்.

அந்தப் பலகையைத் திருப்பிப் பாருங்கள். நீண்ட கழுத்துள்ள இரண்டு விசித்திர மிருகங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நிற்கும். கழுத்துகளுக்கு நடுவில் வட்டமாக ஒரு குழி. அது எதற்கு? கண்மை அரைப்பதற்கு! உலகப் புகழ் பெற்ற நார்மர் பலகை, பரம்பரையைத் தேடிப் போனால், ஏதோ ஒரு மீனவப் பெண் மை அரைத்த கல்லின் வாரிசு. அரசன் ஓங்கியிருக்கும் பேரிக்காய் வடிவக் கதாயுதமும் அப்படியே. அந்தக் கல்தலைகள் அதற்கு முன்பே சாதாரண ஆண்களின் குழிகளில் கிடந்தவைதான். எல்லோர் வீட்டிலும் இருந்த சாமானை அரசன் எடுத்துக்கொண்டு, பெரிதாக்கி, அதன்மேல் தன் படத்தைச் செதுக்கிக்கொண்டான்.

சாமான் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்

பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் ஒரு உடல் உண்டு. கெபெலெய்ன் என்ற ஊரில் எடுத்தது, 1901-லிருந்து காட்சியில் இருக்கிறது. மடங்கிப் படுத்த ஓர் இளைஞன். நூறு வருஷத்துக்கும் மேலாக லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். 2012-ல் ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது, வயது 18-லிருந்து 21-க்குள், இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் கத்திக்குத்து. 2018-ல் இன்னொன்றும் தெரிந்தது. கையில் கறுப்பாகத் தெரிந்த கறை, கறை இல்லை. ஒரு காட்டு மாடும் ஒரு காட்டு ஆடும் பச்சை குத்தியது!

அவனைச் சுற்றி மியூசியத்தில் அழகாகப் பானைகள் அடுக்கியிருந்தார்கள். அவை அவனுடைய குழியில் இருந்தவை அல்ல. அந்தக் காலத்துக்குப் பொருத்தமாக வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. அவன் குடும்பம் அவனுக்கென்று எதை எடுத்து வைத்தது என்பது தொலைந்துவிட்டது.

நகாடாவின் கதியும் கிட்டத்தட்ட இதுதான். அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கும் மியூசியங்களுக்கும் பொருட்கள் பங்கு போட்டு அனுப்பப்பட்டன. பானை ஒரு நாட்டில், அதே குழியின் சீப்பு இன்னொரு நாட்டில். நல்ல வேளையாக பல பொருட்களில் குழி எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து வந்த எலிஸ் பாம்கார்டெல் என்ற அம்மையார், மியூசியம் மியூசியமாக அந்த எண்களைத் தேடி, எந்தப் பொருள் எந்தக் குழியினுடையது என்று வருஷக்கணக்கில் பட்டியல் போட்டார். 1970-ல் அந்தப் பட்டியல் புத்தகமாக வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ஒரு பானை தனியாக இருந்தால் அது கலைப்பொருள். அது எந்தக் குழியில், யார் தலைமாட்டில், எத்தனை பானைகளோடு இருந்தது என்று தெரிந்தால்தான் அது சரித்திரம். பெட்ரீயின் 900 துண்டுகளும் சரி, பாம்கார்டெலின் பட்டியலும் சரி, அந்த ஒன்றைத்தான் காப்பாற்றின. அவை இல்லாவிட்டால் பணக்காரக் குழந்தையும் தெரியாது, சேறு நிரப்பிய ஜாடியும் தெரியாது. நமக்கு நார்மர் மட்டும்தான் தெரிந்திருப்பார்.

லண்டன் போக வாய்ப்புள்ளவர்கள் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் பெட்ரீ மியூசியத்தை எட்டிப் பாருங்கள். அனுமதி இலவசம். தர்க்கான் சட்டை அங்கேதான் இருக்கிறது. முழங்கைச் சுருக்கம் கண்ணாடி வழியாகவே நன்றாகத் தெரியும்.